இன்னும் எத்தனை ஆண்டுகளில்

x என்பது தெரியாத எண் என்று படித்தவர்கள் மத்தியில்கூட ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. இதைத் திருத்தாமல் மேலே செல்வது முறையல்ல. x யாருக்குமே தெரியாமல் இருந்த காலம் கிடையாது. கணக்கைக் கட்டியவருக்கு அது முதலிலேயே தெரியும். சொல்லப்போனால் அவருக்கு முதலில் தெரிவதே அது ஒன்றுதான். பிள்ளைகள் கேள்வியிலிருந்து புறப்பட்டு விடைக்குப் போய்ச் சேர்கிறார்கள். வாத்தியார் விடையை மடியில் கட்டிக்கொண்டு கேள்வியை நோக்கிப் பின்புறமாகவே நடந்து வருகிறார். விடை மூன்று என்று தீர்மானித்துக்கொள்கிறார். மூன்று வருடம் கழித்து ஒரு தாய்க்கு முப்பத்தொன்பதும் மகளுக்குப் பதின்மூன்றும் ஆகக் கடவது என்று அருள்கிறார். பிறகு இருவரிடமிருந்தும் மும்மூன்று வருடங்களைப் பிடுங்கிக்கொண்டு, இன்று தாயின் வயது 36, மகளின் வயது 10, இன்னும் எத்தனை ஆண்டுகளில் தாயின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்காகும் என்று, தனக்கு ஒன்றுமே தெரியாதவர் போலக் கேட்கிறார். பின்புறமாக நடப்பவருக்கு எப்போதாவது கால் இடறும் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. திண்டுக்கல்லில் மாதா கோயிலை ஒட்டிய ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு சி பிரிவின் அறையில், அரையாண்டுத் தேர்வின் முதல் நாள் காலை, தமிழ்த் தாளுக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் இன்னாசிமுத்து பின்சுவரின் கரும்பலகையைத் தற்செயலாகப் பார்த்தபோது, அவர் கையெழுத்தில், அந்த மகளுக்குப் பதினான்கு வயது ஆகியிருந்தது.

பின்சுவரில் கரும்பலகை இருந்ததற்கும், அதில் அந்தக் கணக்கு இருந்ததற்கும் அவரேதான் காரணம். வகுப்பின் முன்சுவரில் சூத்திர அட்டைகள் தொங்கின. (a+b)² முதல் கனச்செவ்வகத்தின் கனஅளவு வரை அவர் கைப்பட எழுதி ஆணியில் மாட்டியவை. வகுப்புத் தேர்வு வைக்கும்போது அவற்றைக் கழற்றச் சோம்பல்பட்டு, பிள்ளைகளைப் பெஞ்சோடு பின்னால் திருப்பி உட்காரவைத்துவிடுவார். கேள்விகளைப் பின்பலகையில் எழுதுவார். பள்ளியில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. இன்னாசிமுத்து சார் பரிட்சைன்னா பிட்டத்தைத் திருப்பணும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அரையாண்டுக்காக முன்பலகையைத் துடைத்துத் தேதியும் பாடமும் எழுதிய ஆயா பின்பலகை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டாள். இப்போது பிள்ளைகள் எல்லாரும் முன்னால் பார்த்து உட்கார்ந்து, தலை குனிந்து, கடிதம் எழுதுக என்ற கேள்வியில் தாங்கள் பார்த்தேயிராத நண்பனுக்கு நலம் விசாரித்துக்கொண்டிருக்க, அவர்களைப் பார்த்து நிற்க வேண்டிய அவர் ஒருவர்தான், மணியடிக்கும்வரை, வேறு வழியில்லாமல், அந்தப் பலகையையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பதினாலு. முதலில் அதை வேறு எவனோ எழுதியது போலப் பார்த்தார். நாலின் வால் கொஞ்சம் இடது பக்கம் வளைந்திருந்தது, அது அவருடைய நாலுதான், அந்த வால் வேறு யாருக்கும் வராது. சரி, எழுதினால் என்ன, பத்துக்குப் பதில் பதினாலு, அப்படியானால் விடை, 36 + x சமம் 42 + 3x, இரண்டு x சமம் மைனஸ் ஆறு, x சமம் மைனஸ் மூன்று. அந்த இடத்தில் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார். மைனஸ் மூன்று. அவர் கையிலிருந்த விடை மூன்று. தவறு செய்தாலும் ஐந்தோ ஏழோ வந்து தொலைந்திருக்கக் கூடாதா, அப்படி வந்திருந்தால் வகுப்பே எழுந்து, சார் விடை வரல என்று கத்தியிருக்கும், அவரும் பலகையைப் பார்த்து, அடடா, நாலை அழிங்கடா என்றிருப்பார், முடிந்தது. வந்தது மூன்று. முன்னால் ஒரு சிறு கோடு மட்டும் கூடுதல். அந்தக் கோட்டை என்ன செய்ய வேண்டும் என்று அவர்தானே வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: வயசு, நீளம், வேகம், இதுல எல்லாம் மைனஸ் வராது, வந்தா எங்கேயோ குறி மாத்த மறந்துட்டேன்னு அர்த்தம், திரும்பிப் போ. பிள்ளைகள் திரும்பிப் போயிருக்கிறார்கள். எபினேசர், வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவன், அழகாக ஒரு வரி எழுதியிருந்தான்: வயது எதிர்மறை ஆகாது, எனவே x = 3. அதற்குப் பக்கத்தில் இவர் சிவப்பு மையில் நன்று என்று போட்டிருந்தார். மற்றவர்கள் எனவே கூடப் போடவில்லை, நடுவில் எங்கேயோ கோட்டை நழுவவிட்டுவிட்டு மூன்றுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பழனி பஸ்ஸில் மடியில் தாள்கட்டை வைத்துக்கொண்டு திருத்தியவர் கடைசி வரியை மட்டும் பார்த்தார், மூன்று, சரி, மூன்று, சரி. முழுசாகப் படித்தது ஒரு தாளைத்தான். அதில் எழுத்து அதிகமாக இருந்தது, அதனால்தான் படித்தார்.

அந்தத் தாளின் சொந்தக்காரி மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், ஜன்னல் பக்கம், நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நாகஜோதி. x = −3 என்று போட்டு, அதன் கீழே, அதாவது மூன்று வருடத்துக்கு முன்பே மூன்று மடங்காக இருந்துவிட்டது, அப்போது தாய்க்கு 33, மகளுக்கு 11, இனிமேல் ஆகாது, என்று எழுதியிருந்தாள். இனிமேல் ஆகாது என்பதன் கீழ் அடிக்கோடு வேறு. எவ்வளவு எளிய விஷயம் என்று இப்போது அவருக்குத் தோன்றியது, x கூட வேண்டாம். பிறந்த நாளன்று தாய் பிள்ளையைவிட எத்தனையோ மடங்கு, அதற்குப் பிறகு மடங்கு குறைந்துகொண்டேதான் போகும், ஏறவே ஏறாது, முப்பத்தாறும் பதினாலும் ஏற்கனவே மூன்று மடங்குக்குக் கீழே வந்தாகிவிட்டது, அது எப்படி மறுபடி மேலே போகும். அந்தத் தாளை வகுப்பில் அவர் விரல் நுனியில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அதைத்தான் இப்போது நினைக்காமல் இருக்கப் பார்த்தார், முன்வரிசைப் பையன் ஒருவன் மூக்கை உறிஞ்சுவதைக் கவனித்தார், மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ ஒரு இடத்தில் டக் என்று இடிப்பதைக் கவனித்தார், டக், எந்திரி, டக், எந்திரிம்மா, என்ன எழுதியிருக்க, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி. அவள் படித்தாள். "மூணு வருசத்துக்கு முன்னாடியே ஆயிருச்சு சார்." "ஆயிருச்சா. நீ போய்ப் பாத்தியா?" வகுப்பு சிரித்தது. சிரிப்பு வந்துவிட்டால் அவருக்கு அதற்கு மேல் ஒரு படி ஏறிப் பார்க்காமல் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. "பஸ் எப்பம்மா வரும்னு கேட்டா, போன வாரமே வந்துருச்சுன்னு சொல்லுவியா?" நாகஜோதி கொஞ்ச நேரம் யோசித்தாள். கேலிக்குப் பதில் சொல்வதற்காக யோசிக்கவில்லை, கேள்வியை நிஜமாகவே யோசித்தாள் என்பது இப்போது தெரிகிறது. "கடைசி பஸ் போயிருச்சுன்னா சொல்லணும்ல சார், இல்லன்னா அவங்க நின்னுட்டே இருப்பாங்கல்ல." மறுபடி சிரிப்பு, இந்த முறை அது அவர் பக்கம் இல்லை. "வாய். கணக்கு வரலன்னாலும் வாய் வருது. உக்காரு." அந்தக் கணக்குக்குப் பூஜ்யம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு மதுரையில் நடக்கிற கணிதப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒரு ஆள். அதற்கு நாகஜோதிதான் என்று ஆவணி மாதத்திலேயே அவளிடம் சொல்லி, அவள் அப்பாவிடமும் சொல்லி, பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிற அந்த மனிதர் சர்ட் பட்டனை மேல்வரை போட்டுக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்று அந்தச் சூட்டில், "மதுரைக்கு எபினேசர் போவான்" என்று வகுப்புக்குப் பொதுவாக அறிவித்தார். யாரும் கேட்காத கேள்விக்கு விடை.

"என்ன சார், பேயக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?" என்று காதருகே கேட்டது. பிலோமினா டீச்சர், தமிழ். தாளில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று அறை அறையாகப் பார்த்து வருகிறாள். அவர் பலகையிலிருந்து கண்ணை எடுத்த வேகமே தவறாகிவிட்டது. அவளும் திரும்பி அங்கேதான் பார்த்தாள். உதட்டை அசைத்துப் படித்தாள், தாயின் வயது முப்பத்தாறு, மகளின் வயது, அவள் அந்த எண்ணுக்கு வந்துவிட்டாள், கேட்கப்போகிறாள், இது எப்படி சார் ஆகும், எம் பொண்ணுக்கே பதினாலு, எனக்கு அவளவிட மூணு மடங்கு இருந்ததெல்லாம் ஒரு காலம் என்று சொல்லப்போகிறாள், தமிழாசிரியை சொல்லி, பிள்ளைகள் கேட்டு, ஆசிரியர் அறையில் அது ஒரு மாதம் ஓடும். "முப்பத்தாறா," என்றாள் பிலோமினா, குரலைத் தாழ்த்தி. "எனக்கும் அதையே போட்டுக்கங்க சார். நான் வெளிய அதத்தான் சொல்லிட்டுத் திரியறேன்." சிரித்தபடி அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் அதற்காக வெட்கமும் வந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிற மனசு எதிலிருந்து தப்பித்தது, மூன்றாவது பெஞ்சு அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஏன் பதினாலு என்று ஆராயப் புகுந்தார். காரணம் கிடைத்தால் குற்றம் பாதியாகும் என்று அவருக்கு ஒரு எண்ணம், அது பாதியாகுமா, மூன்றில் ஒன்றாகுமா, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பதினாலு வயதுக்காரர்கள், அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே எழுதினால் கை தானாகப் பதினாலு போடும். ஆனால் அவர் பலகையைப் பார்த்தல்லவா எழுதினார், முகங்கள் முதுகுப் பக்கம். சரி, சிலுவைப்பாதைக்குப் பதினான்கு நிலைகள், கோயில் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும், சிறு வயதிலிருந்து எண்ணிய எண், முட்டி வலிக்க வலிக்க எண்ணியது. இது கொஞ்சம் கௌரவமான காரணமாகத் தோன்றியது, அதனாலேயே அதை அவர் நம்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது. சுவாமி, ஒரு பொண்ணுக்கு நாலு வயசு கூட்டிப் போட்டுட்டேன். சாமியார் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார், எந்தப் பொண்ணு. கணக்குல வர்ற பொண்ணு சுவாமி. வேற? வேற என்றால் அப்போதுதான் நிஜப் பொண்ணுக்கு வர வேண்டும், அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிழை பாவமாகாது, சமன்பாட்டில் குறி மாறுவதற்கெல்லாம் நரகம் இருந்தால் அங்கே நிற்க இடமிருக்காது. அவள் சொன்னபோது கேட்கவில்லையே, சரிபார்த்தல் என்று பாடநூலில் ஒரு வரி உண்டு, மூன்றைப் போட்டுப் பார், முப்பத்தொன்பதும் பதினேழும், பதினேழு மூணு ஐம்பத்தொன்று, அவ்வளவுதான், ஒரு நொடி, அந்த நொடியைச் சிரிப்புக்குக் கொடுத்தாரே. அதற்குப் பரிகாரமாக எத்தனை செபம். கணக்குகளில் வருகிற மனிதர்களை நினைத்தால் அவருக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமை. எட்டு ஆட்கள் பன்னிரண்டு நாளில் சுவர் கட்டுவார்கள், ஒருவனுக்கும் காய்ச்சல் வராது, ஒருவனும் மேஸ்திரியிடம் கோபித்துக்கொண்டு போக மாட்டான். படகுக்காரன் நீரோட்டத்தை எதிர்த்தும் நீரோட்டத்தோடும் போய்வருவான், எதற்குப் போனான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தாயும் மகளும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், சண்டை கிடையாது, இருவருக்கும் ஒரே சீராக வயது ஏறும். அவருடைய மகள் ரீட்டா திருச்சியில் விடுதியில் இருந்து படிக்கிறாள். போனில் அம்மாவோடு அரை மணி நேரம், இவரிடம், சாப்டீங்களாப்பா, வச்சிர்றேன். "இவ இன்னும் எத்தனை வருசத்துல எங்கூட உக்காந்து நாலு வார்த்த பேசுவா" என்று போன ஞாயிறு அவர் மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டார், கேலியாகத்தான் கேட்டார். ஸ்டெல்லா வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "பேசிட்டுத்தான இருந்தா. எட்டாவது படிக்கையில ஓயாம வந்து வந்து பேசுவா. நீங்க பேப்பர் திருத்திட்டு இருந்தீங்க." அன்று அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டார். அது விடை. மைனஸில் வந்த விடை.

"சார், அடிஷனல்." யாரோ கை தூக்கினார்கள், தாள் கொடுத்தார். "சார், நூல்." நூல் கொடுத்தார். நாகஜோதியைத் தாண்டும்போது அவள் தலை நிமிரவில்லை. முன்பெல்லாம் அவர் தாண்டினால் நிமிர்வாள், தமிழ்த் தேர்வானாலும் நிமிர்வாள், ஏதாவது கேட்க வேண்டும் போல ஒரு பார்வை இருக்கும், இது ஏன் சார் இப்படி, அது ஏன் சார் அப்படி என்று. அந்த வகுப்புக்குப் பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது இந்த நிமிடம்வரை அவருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கிறது. மணியடித்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். எல்லாரையும் உட்காரவைத்து, பலகையைக் காட்டி, பாருங்க, இங்க நான் தப்பா எழுதிட்டேன், நாகஜோதி போட்டதுதான் சரி, மத்தவங்க எல்லாரும் தப்பு, நானும் தப்பு, மதுரைக்கு அவதான் போறா. வாக்கியம் நன்றாக இருந்தது. இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், இரண்டாவது முறை நானும் தப்பு என்பது எப்படியோ விட்டுப்போனது. எபினேசரின் அப்பா, மாதா கோயில் பங்குப் பேரவையில் இருக்கிறவர், என்ன சார் நன்றுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க என்பார். நாற்பது தாளையும் திரும்ப வாங்கித் திருத்த வேண்டும். நாற்பது பிள்ளைகளும் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோவார்கள். கால் தன் போக்கில் பின்சுவருக்கு நடந்திருந்தது. பலகைக்கு அருகில் நாலு இன்னும் பெரிதாக இருந்தது. கட்டை விரலால் நாலின் வாலைத் தேய்த்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சாக்பீஸ் துண்டை எடுத்து அதை வளைத்துப் பூஜ்யமாக்கினார். பத்து. ஒரு கணம் உலகம் அவர் கட்டியபடியே இருந்தது, தாய்க்கு முப்பத்தாறு, மகளுக்குப் பத்து, விடை மூன்று, அழகாக, மீதியில்லாமல். அடுத்த கணம் தான் செய்தது என்னவென்று புரிந்தது. இந்தப் பலகையின்படி நாகஜோதி போட்டது தவறு. இதுவரை இருந்தது பிழை, இப்போது இருப்பது வேறு ஒன்று, அதற்கு அவர் பாடத்தில் பெயர் கிடையாது. துடைப்பானைத் தேடினார், கிடைக்கவில்லை, முழங்கையாலும் உள்ளங்கையாலும் முழுக் கணக்கையும் தேய்த்து அழித்தார், தாய், மகள், மூன்று மடங்கு, எல்லாம். சத்தத்துக்குத் தலைகள் திரும்பின. "என்ன வேடிக்கை, முன்னால பாத்து எழுதுங்க" என்றார். நாகஜோதியும் திரும்பியிருந்தாள். வெள்ளையாகிப் போன பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதப் போய்விட்டாள்.

மணியடித்தது. தாள்களை வாங்கிக்கொண்டே வரிசையாக வந்தார், யாரையும் உட்காரச் சொல்லவில்லை, பலகையில் காட்ட ஒன்றும் இல்லை என்பதைக் காரணமாக வைத்துக்கொண்டார். மூன்றாவது பெஞ்சில் தாளை வாங்கிய கை அங்கேயே நின்றது. "நாகஜோதி, நில்லு." மற்றவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே தள்ளுமுள்ளாகப் போனார்கள். "தமிழ் எப்படி?" "நல்லா எழுதியிருக்கேன் சார்." அவர் சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது, அதைத் தட்டினார், போகவில்லை. "அந்த டெஸ்ட்ல ஒரு வயசுக் கணக்கு வந்துச்சுல்ல." "ஆமா சார்." "அதுல நீ," என்று தொடங்கினார். அவள் முந்திக்கொண்டாள். "சாரி சார். அன்னைக்கு எதுத்துப் பேசிட்டேன். அப்புறம் எபினேசர் சொல்லிக்குடுத்துட்டான் சார், கடைசில மைனஸ் வந்தா விட்டுறணும்னு. எனக்குத்தான் தெரியல." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கலாம். "மதுரைக்கு," என்றார் அவர். "மதுரைக்கு வேணும்னா நீயே போறியா? நான் ஹெச்.எம். சிஸ்டர்ட்ட சொல்லிக்கிறேன்." அவள் பையின் வாரைத் தோளில் சரிசெய்தாள். "வேணாம் சார். அங்க வந்து தப்புத் தப்பாப் போட்டா ஸ்கூலுக்குத்தான் அசிங்கம். எபினேசரே போகட்டும். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், ஒண்ணும் சொல்லல." வெளியே அவளை யாரோ கூப்பிட்டார்கள், ஏய் ஜோதி, பஸ் போயிரும்டி. அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி, போகச் சொல்வதற்காகக் காத்து நின்றாள். சொல்வதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. "சரி, போ" என்றார். "போய்ட்டு வர்றேன் சார்."

அடுத்த வாரம் கணக்குத் தேர்வு. மாலை ஏழு மணிக்கு ஐந்து டிகிரியாக இருந்த ஒரு மலையூரின் வெப்பநிலை மணிக்கு ஒரு டிகிரி வீதம் குறைந்தால் விடியற்காலை நான்கு மணிக்கு எவ்வளவு இருக்கும் என்று ஒரு வினா இருந்தது. நாகஜோதி வழியெல்லாம் சரியாகப் போட்டு, கடைசி வரியில் −4 என்று எழுதி, நான்குக்கு முன்னாலிருந்த சிறு கோட்டின் மேல் வெள்ளை மை தடவி, அது காய்ந்த பிறகு தாளைக் கட்டியிருந்தாள்.